ஒல்லியாரின் இடது கை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். தங்கள் தங்கை போன வாரத்தைவிடச் சுகமாக இருக்கிறாள். அங்கே தாங்களும், அக்காவும், பிள்ளைகளும், பேரக் குழந்தைகளும், தங்கள் மருந்துக்கடையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடையையும் சேர்த்து விசாரிப்பதற்குக் காரணம், அண்ணனுடைய உயிர் கல்லாப்பெட்டிக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று தங்கள் தங்கை, பேச்சு நன்றாக இருந்த நாட்களில், அடிக்கடி சொல்லுவாள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காருடன் வந்து தங்கையை அழைத்துக்கொண்டு போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இடது வலதுகூடத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டவளை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவளுக்கு இடது வலது தெரியவில்லை என்று தங்களுக்கு எழுதியவனே நான்தான் என்பதால் எனக்குக் கோபப்பட உரிமை கிடையாது. ஆனாலும் கோபம் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தேன், ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். இதைக் கடைசிவரை படித்துவிட்டு, வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. வண்டியைத் தாங்களே ஓட்டி வருவதாக எழுதியிருப்பது வேறு என்னைப் பயமுறுத்துகிறது. தங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்த எதிர்வீட்டுக் கேட் விஷயமாக இன்றுவரை நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமாச்சாரத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து, நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அன்றைக்குத் தாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மண்டைக்குள் எடுத்த படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது, அதனால்தான் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது என்றார். நான் படத்தைப் பார்த்தேன். கறுப்புத் திட்டு படத்தின் வலது பக்கத்தில் இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திட்டு வலது பக்கம்தானே இருக்கிறது என்று கேட்டேன். படத்தில் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். இடப்பக்க மூளை வலது கையை ஆள்கிறது என்பதே எனக்கு ஒப்பவில்லை. ஸ்டீயரிங்கை லெஃப்டில் ஒடித்தால் வண்டி ரைட்டில் போகும் என்று ஒருவர் வந்து சொன்னால் நான் அவருக்கு லைசென்ஸ் வாங்கித் தருவேனா? அதற்கு மேல் படமும் எதிர்ப்பக்கம் காட்டுகிறது என்றால், ஒன்று படத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அல்லது வேறு யாருடைய மண்டையையோ காட்டுகிறார்கள் என்று தீர்மானித்தேன். தங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கடையிலிருந்து இன்னும் இரண்டு டானிக் பாட்டில் அனுப்புவீர்கள், அவ்வளவுதான்.

டாக்டரிடம் வாதாட வேண்டுமென்றால் நாமும் நாலு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கல்லூரியில் மனித உடற்கூறும் உடலியங்கியலும் சாயங்கால வகுப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று போர்டு போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம், ஆய்வகப் பயிற்சி உண்டு என்றும் எழுதியிருந்தது. போய் நின்றேன். அலுவலகத்து அம்மா, பெண்ணுக்கா பேத்திக்கா என்று விசாரித்தார். எனக்குத்தான் என்றதும் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் வந்து நின்றேன். தங்கள் தங்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, மறுபக்கம் சும்மா இருந்தது. விழுந்த பிறகு அவள் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான், ஆகவே கோட்டுக்கான செலவு வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். வகுப்பு நாட்களில் மாடி வீட்டு அம்மா வந்து அவளுக்குத் துணையாக உட்கார்ந்துகொள்கிறார். முதல் வகுப்பன்று மட்டும் அவளுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. அந்த ஒரு வகுப்பைத் தவறவிட்டதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம், அது பிறகு.

ஆய்வகம் நீளமான அறை. ஓரமாக ஸ்டாண்டில் ஒரு எலும்புக்கூடு தொங்குகிறது. பிளாஸ்டிக்தான், பயப்பட வேண்டாம். பிள்ளைகள் அவருக்கு ஒல்லியார் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் நர்ஸ் வேலைக்கும் லேப் வேலைக்கும் போகிற இளவயசுப் பெண்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். என்னோடு சேர யாரும் முன்வராமல், கடைசியில் ஒரு வாலிபால்காரி கிடைத்தாள். கல்லூரி அணியில் ஆடுகிறவள், என்னைவிட ஒரு சாண் உயரம், என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை நான் அவள் கோட்டுக் கைக்கு மேலேயே கட்டி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் திருப்பி மாட்டிக்கொண்டு, மின்விசிறிச் சத்தத்தை வைத்து அவளுக்கு ஒரு அழுத்தத்தைக் கணித்து எழுதினேன். அந்த எண்ணைப் பார்த்த ஆசிரியை, இந்தப் பெண் இப்போது உயிரோடு நிற்பதே ஆச்சரியம் என்றார். அடுத்த வாரம் முட்டியில் ரப்பர் சுத்தியால் தட்டுகிற பாடம். அவள் என் வலது முட்டியில் தட்டினாள். கால் முன்னால் துள்ளியது, அது வரைக்கும் பாடம். துள்ளிய கால் அத்தோடு நிற்காமல் கீழே போய்த் தரையை ஓங்கி மிதித்தது. தங்களுக்குத்தான் தெரியுமே, கற்றுக்கொடுக்கிறவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, இத்தனை வருஷமாக அதை மிதித்து மிதித்தே பிழைத்த கால் இது. ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டு, "முதல்ல வந்தது அனிச்சை. ரெண்டாவதா வந்தது உங்க உத்தியோகம்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இதே கால்தான் ஆட்டு இதய விஷயத்திலும் என் மானத்தை வாங்கியது. தட்டில் இதயத்தை வைத்து வாலிபால்காரி கத்தியை எடுத்தாள். எடுத்தவள் நிதானமாக இறங்கியிருக்கலாம், பந்தை அடிக்கிற வேகத்தில் இறங்கினாள். என் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது, ஸ்டூல் பின்னால் நழுவியது, நான் மேசையைப் பிடிப்பதாக நினைத்துத் தட்டைப் பிடித்தேன், இதயம் எகிறிப் போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. எனக்கு ஈரக்குலை நடுங்கியது. ஈரக்குலை எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கு விரல் வைத்துக் காட்டத் தெரியும் என்பது ஒரு ஆறுதல். அலமாரிக்கு முன் குப்புறப் படுத்து, கையை விட்டுத் துழாவி எடுத்து, கழுவி, அந்த ஆட்டிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒழுங்காக வெட்டினோம். உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வலப்பக்கத்துச் சுவர் மெல்லிசு, இடப்பக்கத்துச் சுவர் தடிமன். வலப்பக்கம் பக்கத்திலிருக்கிற நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடப்பக்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தள்ள வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். உச்சந்தலைக்கும் அதுதான் தள்ளுகிறது. தங்கள் தங்கை சரிந்த அன்றைக்கு ஏதோ ஒரு இடத்தில் வழி அடைத்திருக்க, இந்தச் சுவர் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். என் விரல் அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டது. வாலிபால்காரி, "அங்கிள், எடுத்துடுங்க, அடுத்தது நான் பாக்கணும்" என்று சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

அந்த வகுப்புக்குப் பிறகு எனக்குப் படிப்பில் ஒரு வெறியே வந்துவிட்டது. எலும்புகளின் பேரை ஒப்பித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். ராத்திரி இரண்டு மூன்று தரம் எழுந்து தங்கள் தங்கையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன், மூச்சை எண்ணுவேன். அவள் நல்ல கையால் என் கையைத் தட்டிவிடுவாள். தட்டுகிற வேகத்தை வைத்தே உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். பிசியோதெரபிக்கார இளைஞர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார், மற்ற நாட்களில் பயிற்சி என் பொறுப்பு. வாயால் சொல்ல வேண்டும், கையால் செய்து காட்ட வேண்டும், அவளைச் செய்யவைக்க வேண்டும், இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முறை. நான் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்காருவேன். "வலது" என்று சொல்லி என் வலது கையைத் தூக்குவேன். அவள் என் கையையே பார்த்துவிட்டு இடது கையைத் தூக்குவாள். தப்பு என்று தலையை ஆட்டிவிட்டு, "இடது" என்று என் இடது கையைத் தூக்குவேன். அப்போது அவள் அந்த விழுந்த வலது கையைக் கிளப்பப் பார்ப்பாள். முகம் சிவந்துபோகும், நெற்றியில் வேர்க்கும், கை அசையாது. அது இல்லை, கீழே வை, கீழே வை என்பேன். ஒவ்வொரு நாளும் இதே கதை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு இடது வலது அழிந்துபோய்விட்டது என்று தங்களுக்கு எழுதினேன்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு சின்னத் தேர்வு. ஒல்லியாரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, கையில் ஆளுக்குக் கொஞ்சம் காகிதக் கொடி கொடுத்து, இடது தோள்பட்டை எலும்பு, வலது தொடை எலும்பு என்று சீட்டில் இருக்கிறபடி ஒட்டச் சொன்னார்கள். எனக்கு அத்தனையும் தண்ணீர்பட்ட பாடு. ஒல்லியாருக்கு முன்னால் போய் நின்று, கை நடுங்காமல், முதல் ஆளாக ஒட்டி முடித்துவிட்டு, கைகட்டி நின்றேன். ஆசிரியை வந்து பார்த்தார். ஒரு கொடி விடாமல் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், பேரெல்லாம் சரி. ஆனா எல்லாமே எதிர்ப்பக்கம். நீங்க உங்க இடதுல ஒட்டியிருக்கீங்க. இது அவரோட இடது இல்ல."

என் இடது, அவர் இடது என்று இடதில் எத்தனை இடது என்று நான் வாதாடினேன். வண்டியில் எல்லாருக்கும் ஒரே லெஃப்ட்தானே என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை ஒல்லியாரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், அவர் பார்க்கிற பக்கமே என்னையும் பார்க்க வைத்து நிறுத்தினார்.

"உடம்பு யாருதோ, இடது வலது அவங்களோடது. பாக்கறவங்களோடது இல்ல. முதல் வகுப்புலயே சொன்னேனே."

முதல் வகுப்புக்குத்தான் நான் போகவில்லையே. எடுத்த உடனே எனக்குப் புரிந்தது டாக்டருடைய படம்தான். படத்தில் இருப்பவள் என்னை எதிரே நின்று பார்க்கிறாள், அவளுடைய இடது எனக்கு வலதாகத் தெரிகிறது, அவர் சொன்னது சரி, நான்தான் முட்டாள். அதை ஒரு மாதிரி ஜீரணித்துக்கொண்டு, பூஜ்யம் வாங்கிய சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். அங்கே நிற்கும்போதுதான் அடுத்தது மண்டையில் உறைத்தது. மச்சான், நான் வாழ்க்கை முழுவதும் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தவன். ரெண்டு பேரும் ஒரே கண்ணாடி வழியாக ஒரே ரோட்டைப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது தங்கள் தங்கைக்கு மட்டும்தான். விழுந்ததிலிருந்து, வேகமாகச் சொன்னால் அவளுக்கு என் வார்த்தை பாதிதான் விளங்குகிறது. ஆகவே கண்ணால் பார்த்ததைச் செய்தாள். நான் வலது கையைத் தூக்கினால் அது அவளுடைய இடது கைக்கு நேராக இருக்கிறது, அதைத் தூக்கினாள். இடது கையைத் தூக்கினால் அவளுடைய விழுந்த கைக்கு நேராக இருக்கிறது, அதைத் தூக்க முயன்றாள். தூக்க முடியாத கையைத் தூக்க அவள் உயிரைக் கொடுத்து முயன்றபோதெல்லாம், எந்த முயற்சிக்காக பிசியோதெரபிக்காரர் எங்களை உட்காரவைத்தாரோ அதைச் செய்தபோதெல்லாம், நான் எதிரே உட்கார்ந்துகொண்டு கீழே வை, கீழே வை என்று சொல்லியிருக்கிறேன். அவளும் கீழே வைத்திருக்கிறாள்.

நான் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன். வாலிபால்காரி பின்னாலேயே வந்தவள் பார்த்துவிட்டாள். "மார்க் போனதுக்கா அங்கிள்? அடுத்த டெஸ்ட்ல எடுத்துடலாம்" என்று முதுகில் தட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கை கனமான கை, இன்னும் அந்த இடம் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாடி வீட்டு அம்மாவை அனுப்பிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல், நாற்காலியைத் தூக்கி, கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் தோளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ரெண்டு பேருக்கும் முன்னால் சுவர்தான் இருந்தது. அவள் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிசியோதெரபிக்காரர் எப்போதும் அவள் பக்கத்திலேயே நிற்பார், வீட்டில் இன்னொரு நாற்காலி இல்லாததால் நிற்கிறார் பாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இடது" என்று சொல்லி என் இடது கையைத் தூக்கினேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு அவள் சட்டென்று இடது கையைத் தூக்கினாள். "வலது" என்றேன். என் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். முகம் சிவந்தது. இந்தத் தடவை கீழே வை என்று நான் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளுடைய தோள் அசைந்தது, பிறகு கை விரிப்பை விட்டு ஒரு விரல் அளவு மேலே வந்தது. வந்து, நின்று, விழுந்தது. அன்றைக்கு அதற்கு மேல் பயிற்சி வேண்டாம் என்று ரெண்டு பேருமே சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஆக மச்சான், தங்கள் தங்கைக்கு இடது வலது நன்றாகத் தெரியும். தெரியாதவன் நான். நான் தவறாக எழுதியதை நம்பித்தான் தாங்கள் காரைக் கிளப்புகிறீர்கள். காரணம் விழுந்துவிட்டது, ஆகவே பயணமும் விழுந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியதை இங்கேயே நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒரு விரல் உயரம் நேற்று ஒன்றரை விரலாயிற்று. அங்கே வந்தால் அக்காவும் மருமகளும் அவளை ராணி மாதிரி வைத்துக்கொள்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு அன்பாகப் பேசுவார்கள், எல்லாரும் எதிரேதான் நிற்பார்கள். இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் அது முழு உண்மை ஆகாது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருடைய மூச்சை எண்ணுவது? வீடு வெறிச்சென்று போய்விடும். இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கடைசியில் சொல்கிறேன். தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், இரண்டு கையும் இரண்டு காலும் சொன்னபடி கேட்க, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் இதை அவளுக்கு வரிவரியாக நிறுத்தி ஒருமுறை படித்துக் காட்டினேன். கேட் விஷயம் வந்தபோது சிரித்தாள். இதயம் அலமாரிக்கு அடியில் ஓடிய இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள், நல்ல கையால். பஸ் நிறுத்தத்தில் அழுத இடத்தில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியை எடுக்காதீர்கள் என்று படித்ததும் கையை விட்டுவிட்டு, "வேண்டாம்" என்றாள். வண்டி வேண்டாம் என்று என் பக்கம் பேசுகிறாள் என நான் சந்தோஷப்பட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கடிதத்தைக் காட்டி மறுபடி வேண்டாம் என்றாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "அண்ணன் வீடு. போறேன்" என்றாள்.

விழுந்த நாளிலிருந்து தண்ணி, வேண்டாம், அது என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. இத்தனை மாதமாக எந்தப் பேச்சுக்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது, வந்தது இப்படி வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பயிற்சி கஷ்டமாக இருக்கிறதா என்றேன். இல்லை. நாடி பிடித்துத் தொல்லை பண்ணுகிறேனா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் இல்லை என்றாள். பின்னே ஏன் போகணும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் எடுத்துக்கொடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நீங்க," என்றாள். நான் என்ன என்றேன்.

"தூங்கணும்."

ஆகவே மச்சான், மேலே எழுதியது அத்தனையையும் தள்ளிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வண்டியை மட்டும் வேறு யாரையாவது விட்டு ஓட்டச் சொல்லுங்கள். துணிமணி எடுத்துவைத்துவிட்டேன், ஒரு மாதம் அங்கே இருக்கட்டும். இப்போது மணி பிற்பகல் மூன்றுதான். இருந்தாலும் நான் படுக்கப் போகிறேன். கண்ணை மூடுகிறேனா என்று அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.